தராசும் தளிரும்: நீதிமொழிகள் 11ஐ இன்று போதிக்கும் முறை பற்றி

நமது பிரசங்க மேடைகளில் ஞான நூல்கள் புதியதொரு மதிப்பைப் பெற்று வருகின்றன. முன்னாட்களில் நீதிமொழிகள் ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்வதற்குரிய நூலாகவும், திருமண ஆராதனையில் இறுதி அதிகாரத்தை வாசிப்பதற்காகத் திறக்கப்படும் நூலாகவுமே பெரும்பாலும் இருந்து வந்தது. இன்றோ வாலிபர் முகாம்களிலும், குடும்பக் கூடுகைகளிலும், உபவாச ஜெபங்களிலும் ‘வாழ்வில் வளர்ச்சி’, ‘நோக்கமுள்ள வாழ்க்கை’ என்னும் தலைப்புகளின்கீழ் இந்நூல் மிகுதியாக எடுத்தாளப்படுகிறது. தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்துள்ள தென்சென்னைப் புறநகர்ச் சபைகளிலும் இப்போக்கைத் தெளிவாகக் காணலாம். இச்சபைகளில் திரளாக இருப்போர், வேலையையும் கல்வியையும் நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பத்தினர். வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, நிலையில்லாத வேலை ஆகிய கவலைகளோடு திங்கட்கிழமை காலையில் மின்தொடர் வண்டி ஏறுகிறவர்கள் அவர்கள். அவ்வாரத்தைத் தாங்கி நடத்தும் ஒரு சொல்லை அவர்கள் ஞாயிறன்று எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயமானதே.

ஆகவே திருமறையின் ஞானத்தை அன்றாட வாழ்வுக்குப் பொருத்திக் காட்டுவது தகுமா என்பது நமது வினா அன்று. அது தகும், அதற்காகவே அந்நூல்கள் தொகுக்கப்பட்டன. எவ்வாறு பொருத்துகிறோம், பொருத்தும்போது எவற்றை விட்டுவிடுகிறோம் என்பவையே ஆராயத்தக்கவை. இவ்வாராய்ச்சிக்கு நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். இதைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு.

ஒரு நூலும் அதன் முகப்பு வசனமும்

கலிபோர்னியாவிலுள்ள சாடில்பேக் சபையின் போதகராயிருந்த ரிக் வாரன் 2002ஆம் ஆண்டில் ‘தி பர்ப்பஸ் டிரிவன் லைஃப்’ என்னும் நூலை வெளியிட்டார். கோடிக்கணக்கான பிரதிகள் விற்பனையான அந்நூலை அறியாத நகர்ப்புறப் போதகர் இன்று அரியர். அதனை நேரே வாசிக்காதவர்களும்கூட, நாற்பது நாட்களுக்கு நாற்பது அதிகாரங்கள் என்னும் அதன் அமைப்பையும், ஆராதனை, ஐக்கியம், சீஷத்துவம், ஊழியம், நற்செய்திப் பணி என்னும் அதன் ஐந்து நோக்கங்களையும் வேறு வழிகளில் பெற்றிருப்பர்.

இந்நூலின் நன்மைகளை முதலில் கூறுவது கடமை. மனிதன் தன்னையே மையமாகக் கொண்டு வாழ்வின் பொருளைத் தேடத் தொடங்கினால் அதனைக் காணமாட்டான், கடவுளிலிருந்தே தொடங்கவேண்டும் என்று அது தொடக்கத்திலேயே அறிவுறுத்துகிறது. சபை ஐக்கியத்துக்கு வெளியே தனியனாக வளரலாம் என்னும் எண்ணத்தையும் மறுக்கிறது. ஆதலின் செல்வச் செழிப்பை வாக்களிக்கும் போதகங்களோடு இதனை ஒரே தட்டில் வைப்பது நேர்மையன்று.

எனினும் அது திருமறையைக் கையாளும் முறையில் ஒரு குறை உண்டு. ஏறத்தாழ 1000 மேற்கோள்களை ஆசிரியர் பதினைந்து வெவ்வேறு மொழிபெயர்ப்புகளிலிருந்து எடுத்து அமைத்திருக்கிறார். இடக்குறிப்புகள் நூலின் இறுதியில் தரப்பட்டுள்ளன. வாசகர் வசனத்தைக் காண்கிறார். அவ்வசனம் குடியிருக்கும் அதிகாரத்தைக் காண்பதில்லை. முதற்பகுதியின் முகப்பில் வைக்கப்பட்டுள்ள நீதிமொழிகள் 11:28 இதற்குத் தக்க சான்று. அது ‘தி மெசேஜ்’ என்னும் யூஜீன் பீட்டர்சனின் ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது. பொருள்களுக்கென்று வாழும் வாழ்வையும் கடவுளால் உருப்பெற்ற வாழ்வையும் அப்பெயர்ப்பு எதிரெதிரே நிறுத்துகிறது. எபிரேய மூலத்திலோ அவ்விடத்தில் நிற்கும் சொல் ‘சதீக்கீம்’, அதாவது நீதிமான்கள். தன் செல்வத்தை நம்புகிறவன் விழுவான், நீதிமான்கள் பசுந்தழைபோல் துளிர்ப்பார்கள் என்பதே மூலத்தின் கருத்து. ‘நீதிமான்கள்’ என்னும் பன்மை, ‘வாழ்வு’ என்னும் ஒருமையாயிற்று. நீதி என்னும் சொல்லோ முற்றிலும் மறைந்துபோயிற்று. செழிப்பு மட்டும் எஞ்சி நிற்கிறது.

இது மொழிபெயர்ப்பைப் பற்றிய சிறு பிணக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. ஏனெனில் அதே அதிகாரத்தில், இரண்டே வசனங்களுக்கு முன்னர், தானியத்தைப் பதுக்கி வைப்பவனை மக்கள் சபிப்பார்கள் என்று 26ஆம் வசனம் கூறுகிறது. 28ஆம் வசனத்தின் தளிர் எந்த மண்ணில் துளிர்க்கிறது என்பதை 26ஆம் வசனமே காட்டுகிறது. முன்னதை மேடையில் வைத்துப் பின்னதை மூடிவிட்டால், கேட்போர் கையில் தளிர் இருக்கும், வேர் இராது.

அதிகாரம் முழுவதையும் வாசித்தால்

நீதிமொழிகள் 10 முதல் உள்ள பகுதி தொடர்பற்ற தனிவாக்கியங்களின் திரட்டு என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆகையால் விருப்பமான ஒன்றைப் பறித்துக்கொள்வதில் பிழையில்லை என்று கருதுகிறோம். 11ஆம் அதிகாரம் இக்கருத்துக்கு இடந்தரவில்லை. அது கடைத்தெருவில் தொடங்குகிறது. கள்ளத் தராசு கர்த்தருக்கு அருவருப்பு, நிறைவான எடைக்கல்லோ அவருக்கு விருப்பம் என்பது முதல் வசனத்தின் கருத்து. 10, 11ஆம் வசனங்கள் நகரத்தைப் பற்றியவை. நீதிமான்கள் நன்றாயிருக்கையில் ஊரே மகிழ்கிறது, துன்மார்க்கரின் வாயால் ஊரே இடிகிறது. 14ஆம் வசனம் ஆலோசனை இல்லாத மக்களின் வீழ்ச்சியைச் சொல்லுகிறது. 15ஆம் வசனம் அந்நியனுக்குப் பிணைநிற்பதன் ஆபத்தைப் பேசுகிறது. 26ஆம் வசனம் மீண்டும் கடைத்தெருவுக்கு வருகிறது. இவ்வாறு தராசுக்கும் தானியக் களஞ்சியத்துக்கும் இடையே வைத்தே தனிமனிதனின் நற்குணங்கள் யாவும் பேசப்படுகின்றன.

இங்கே நாம் காண்பது என்ன? ‘நல்லவனாயிரு, அதனால் செழிப்பாய்’ என்று இவ்வதிகாரம் நம்மிடம் நேரே சொல்லவில்லை. ஒருவனுடைய நன்மைக்கு அளவுகோல் அவனுடைய ஊர். அவனுடைய உயர்வினால் ஊர் மகிழ்ந்தால் அது நீதிமானின் உயர்வு. தனிமனித வளர்ச்சியைத் திருமறை மறுக்கவில்லை. அதை அளப்பதற்கு அண்டை வீட்டானின் கையில் ஒரு தராசைக் கொடுத்திருக்கிறது.

24, 25ஆம் வசனங்களின் கதியையும் இங்கே கருத வேண்டும். வாரி இறைப்பவன் பெருகுகிறான், பிடித்து வைப்பவன் வறுமையடைகிறான் என்னும் கருத்துடைய இப்பகுதி, காணிக்கைத் தட்டு எடுக்கப்படுமுன் பல இடங்களில் வாசிக்கப்படுகிறது. ஆனால் அடுத்துவரும் வசனம் தானியத்தைப் பற்றியது என்பதை நோக்கினால், இங்கே பேசப்படும் ஈகை பஞ்ச காலத்தில் ஊராருக்குக் களஞ்சியத்தைத் திறப்பதோடு தொடர்புடையது என்பது புலப்படும். அதனைச் சபையின் வருவாய்க்கு மட்டும் உரிய விதியாக்குவது வசனத்தைக் குறுக்குவதாகும்.

பழமொழியும் வாக்குத்தத்தமும்

இரண்டாவதொரு குழப்பம் இன்னும் ஆழமானது. புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வழங்கும் வழக்கம் நமது சபைகளில் வேரூன்றியுள்ளது. அதனைப் பெறுவோரின் பக்தியை நாம் குறைகூறவில்லை. ஆனால் நீதிமொழிகளிலிருந்து எடுத்த ஒரு வாக்கியம் அட்டையில் அச்சேறியதும் அதன் இலக்கிய வகையே மாறிவிடுகிறது. எபிரேயத்தில் ‘மாஷால்’ எனப்படும் பழமொழி, பல தலைமுறைகள் வாழ்வைக் கூர்ந்து நோக்கிக் கண்டறிந்த உண்மை. அது பொதுவாக நிகழ்வதைச் சொல்லுகிறது. இன்னாருக்கு இவ்வாண்டில் இது நிகழும் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதில்லை. இதனை அந்நூலின் தொகுப்பாளரே உணர்த்தியுள்ளனர். 26ஆம் அதிகாரத்தின் 4, 5ஆம் வசனங்களை அடுத்தடுத்து வாசிக்க. மூடனுக்கு மறுமொழி கூறாதே என்கிறது ஒன்று. கூறு என்கிறது மற்றொன்று. இரண்டையும் அருகருகே வைத்தவர் முரண்பாட்டைக் கவனியாதவர் அல்லர். எது எவ்வேளைக்கு உரியது என்று தெரிந்தெடுக்கும் பொறுப்பைக் கேட்போனிடம் அவர் ஒப்படைக்கிறார். ஞானம் என்பது அத்தெரிவே.

பழமொழியை வாக்குத்தத்தமாக்குவதால் விளையும் கேட்டை ஆயர் தம் சந்திப்புப் பணியில் காண்கிறார். பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் பழக்கு, முதுமையிலும் அதனை விடான் என்னும் கருத்துடைய 22:6ஐ எண்ணிப்பாருங்கள். மகன் குடிக்கு அடிமையாகிவிட்ட ஒரு தாய் இவ்வசனத்தை வாக்குத்தத்தமாகக் கற்றிருந்தால் அவளுக்கு இரண்டே முடிவுகள் உண்டு. கர்த்தர் வாக்குத் தவறினார் என்று எண்ணவேண்டும். அன்றேல் தான் பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை என்று எண்ணவேண்டும். பக்தியுள்ள தாய் இரண்டாவதையே தெரிந்துகொள்வாள். ஏற்கெனவே நொறுங்கிய உள்ளத்தின்மேல் திருமறையின் பெயரால் மற்றொரு சுமையும் ஏறுகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. அவர்கள் கூறியவற்றுள் பல, நீதிமொழிகளில் காணத்தக்க நல்ல கருத்துகளே; பொருந்தாத இடத்தில், பொருந்தாத மனிதனிடம் கூறப்பட்டதால் அவை தவறாயின. யோபுவையும் பிரசங்கியையும் நீதிமொழிகளோடு ஒரே திருமுறையில் சேர்த்த முன்னோர், ஒன்றைத் தனியே பேசவிடலாகாது என்பதற்காகவே சேர்த்தனர் எனலாம். கெர்ஹார்ட் ஃபான் ராட் 1970இல் வெளியிட்ட இஸ்ரவேலின் ஞானம் பற்றிய நூலில், மனிதன் கண்டறிந்த ஒழுங்குக்கு அப்பால் கடவுளின் சுதந்தரம் நிற்கிறது என்பதை இந்த ஞானிகள் அறிந்திருந்தனர் என்று விளக்குகிறார். ஞானம் தன் எல்லையை அறிந்தது. நம் அட்டைகள் அதனை அறிந்தனவாகத் தோன்றவில்லை.

எல்லைக்கல் நிற்கும் நிலம்

எல்லை என்றவுடன் 22:28, 23:10 ஆகிய வசனங்கள் நினைவுக்கு வருகின்றன. முன்னோர் நட்ட எல்லைக்கல்லைப் பெயர்க்காதே, தந்தையற்றோரின் நிலத்துள் புகாதே என்னும் இக்கட்டளைகள் தாம்பரம் வட்டாரத்தின் நிலவியல்பை அறிந்தவர்க்குப் பழங்கதையாகத் தோன்றமாட்டா. சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் முதலிய ஏரிகள், மேல் ஏரியின் மிகுநீரைக் கீழ் ஏரி பெற்று முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்க்கும் தொடராக அமைந்தவை. அச்சதுப்பு நிலம் தன் பழைய பரப்பில் மிகப் பெரும்பகுதியை இழந்தபின், 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கலங்கலும் வாய்க்காலும் மனைப்பிரிவுகளுள் மறைந்த இடங்கள் பல. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் கரைகளைக் கடந்த வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. நீர் தன் எல்லைக்கல்லை மறக்கவில்லை.

இவ்வட்டாரத்தில் ஆயர் அடிக்கடி நடத்தும் வழிபாடுகளுள் ஒன்று புதுவீட்டுப் பிரதிஷ்டை. பல ஆண்டுச் சேமிப்பையும் இருபது ஆண்டுக் கடனையும் இட்டு வாங்கிய வீட்டில் ஒரு குடும்பம் நன்றி கூறி நிற்கையில் அவர்களோடு மகிழ்வது நமது கடமை. வாங்கியவர் பெரும்பாலும் குற்றவாளி அல்லர். சில வேளைகளில் அவரே ஏமாற்றப்பட்டவர். நீரோடும் வழியைக் கூறுபோட்டு விற்றவனும் அதற்கு ஒப்புதல் அளித்தவனுமே கள்ளத் தராசைப் பிடித்தவர்கள். எனினும் அவ்வழிபாட்டில் செழிப்பின் வசனங்களை மட்டும் வாசித்து, எல்லைக்கல்லைப் பற்றிய வசனத்தை ஒருபோதும் வாசிக்காவிடில், சபை நிலத்தைப் பற்றி நீதியோடு சிந்திக்கக் கற்றுக்கொள்வது எப்போது?

இதே வெள்ளத்தின் மறுபக்கமும் உண்டு. அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்தவர்கள் தங்கள் பிழைப்பிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தொலைவுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களிடையே ஊழியம் செய்யும் இளம் போதகர் ஒருவர் 6ஆம் அதிகாரத்தின் எறும்பைக் காட்டிச் சுறுசுறுப்பைப் போதிக்கலாம். எறும்பைப் பற்றிய வசனம் மெய்யானதே. ஆனால் விடியுமுன் எழுந்து இரண்டு பேருந்து மாறி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குச் சோம்பலைப் பற்றிய எச்சரிப்பு எதற்கு? அவளுக்குரிய வசனம் 13:23. அதன் மூலம் சற்றுக் கடினமானதெனினும், ஏழையின் நிலம் மிகுதியாக விளையக்கூடும், அநீதியோ அதனை வாரிக்கொண்டு போகிறது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் பொருள். வறுமைக்குச் சோம்பலும் காரணம், அநீதியும் காரணம் என்று நீதிமொழிகள் இரண்டையும் சொல்லுகிறது. முன்னதை ஏழைகளின் குடியிருப்பில் சொல்லிப் பின்னதை எங்கும் சொல்லாதிருப்பவன், இரு எடைக்கற்களைப் பையில் வைத்திருக்கும் வணிகனுக்கு ஒப்பானவன்.

தாம்பரம் கேட்ட வினா

ஞானத்தைக் குறித்துத் தாம்பரத்துக்கு ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து வந்த 470 பேர் அவ்வளாகத்தில் அனைத்துலக நற்செய்திப் பணி மன்றத்தின் மாநாட்டில் கூடினர். அதற்கென எழுதிய நூலில் ஹென்ட்ரிக் கிரேமர், கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மனித சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டார். அக்கல்லூரியின் முதல்வராயிருந்த ஏ. ஜி. ஹாக், பிற சமயத்தாரிடையேயும் கடவுளோடு மெய்யான உறவுடைய விசுவாசம் இருத்தல் கூடும் என்று அவருக்கு மறுமொழி கூறினார். பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அவ்வாண்டிலேயே சென்னையில் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியும் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையின் குரலை எழுப்பிற்று.

அவ்விவாதத்தில் ஞான நூல்களுக்கு உரிய இடம் போதிய அளவு கிட்டவில்லை என்பது நமது கருத்து. ஏனெனில் நீதிமொழிகளே ஒரு சான்று. எகிப்தின் அமெனமோப்பே என்பவரின் அறிவுரை நூல் 1923இல் அச்சில் வெளிவந்தது. மறு ஆண்டே அடால்ஃப் எர்மான் என்னும் ஜெர்மன் அறிஞர், நீதிமொழிகள் 22:17 முதலான பகுதி அதனோடு நெருங்கிய உறவுடையது என்று காட்டினார். விதவையின் எல்லைக்கல்லைப் பெயர்க்காதே, தராசைத் திரிக்காதே என்னும் எச்சரிப்புகள் அந்நூலிலும் உண்டு. ஆகவே முன்னர்க் கூறிய எல்லைக்கல், நைல் ஆற்றங்கரையிலிருந்து எருசலேமுக்கு வந்து, கர்த்தருக்குப் பயப்படுதல் என்னும் அடித்தளத்தின்மேல் மீண்டும் நடப்பட்ட கல் எனலாம். அயலாரிடம் கற்பதற்கு இஸ்ரவேலின் ஞானி வெட்கப்படவில்லை.

நமக்கு அருகில் திருக்குறள் இருக்கிறது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் அதிகாரங்கள் இன்று தன்முன்னேற்றச் சொற்பொழிவுகளில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. ஆனால் பரிமேலழகரின் பகுப்பின்படி அவை பொருட்பாலின் அரசியலில் அமைந்துள்ளன. உழைப்பின் சிறப்பும் ஆள்வோனின் பொறுப்பும் ஒரே இயலில் நிற்கின்றன. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவரும் சான்றோருக்குத் தராசையே உவமை ஆக்குகிறார். நீதிமொழிகளுக்கு நேர்ந்ததே குறளுக்கும் நேர்ந்துள்ளது. இரண்டும் ஊரின் நூல்கள். இரண்டும் தனியொருவனின் ஏணியாக மாற்றப்பட்டுள்ளன. மேடையில் இரண்டையும் ஒப்பிடும் போதகர் அழகிய ஒற்றுமைகளோடு நின்றுவிடாமல், இவ்விழப்பையும் எடுத்துக்காட்டுவாராக.

சில பரிந்துரைகள்

‘களைத்து வருகிறவர்களுக்கு ஆறுதல் வேண்டாமா? நீதியைப் பற்றியே பேசினால் சபை வேறிடம் தேடிச் செல்லாதா?’ என்று திருப்பணியாளர் கேட்கக்கூடும். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும் மெய்யான ஆறுதல் எது? வேலை இழந்தவனிடம் ‘உன் விசுவாசம் வளரட்டும், வழி திறக்கும்’ என்பது ஒருவகை. ‘உனக்கு நேர்ந்ததில் அநீதி உண்டு, திருமறை அதனை அநீதியென்றே அழைக்கிறது, இச்சபை உன்னோடு நிற்கும்’ என்பது மற்றொரு வகை. பின்னதில் அவன் தன் மதிப்பைத் திரும்பப் பெறுகிறான். அதுவும் வளர்ச்சியே.

இறையியல் மாணவருக்கும் இளம் ஆயருக்கும் மூன்று பழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம். முதலாவது, நீதிமொழிகளிலிருந்து ஒரு வசனத்தின்மேல் பேச விரும்புவோர் அவ்வதிகாரம் முழுவதையும் சபையில் வாசிக்கச் செய்க. இரண்டாவது, தெரிந்துகொண்ட வசனத்துக்கு மறுபக்கமாக நிற்கும் வசனம் ஒன்றை, அந்நூலிலிருந்தோ யோபுவிலிருந்தோ பிரசங்கியிலிருந்தோ தேடி அருகில் வைக்க. மூன்றாவது, இவ்வசனத்தை எவர் கேட்கப் போகிறார், அவர் தராசின் எப்புறத்தில் நிற்கிறார் என்று பிரசங்கம் ஆயத்தம் செய்கையிலேயே வினவுக. கடையுடையவருக்கும் கூலி பெறுபவருக்கும் ஒரே வசனம் ஒரே பொருளைத் தருவதில்லை.

நோக்கமுள்ள வாழ்வைப் பற்றிப் பேசுவோர் 30ஆம் அதிகாரத்தில் ஆகூரின் ஜெபத்தையும் கற்பிக்கலாம். இஸ்ரவேலுக்குப் புறம்பானவர் என்று பலரும் கருதும் இம்மனிதர், வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், அன்றன்றைக்கு வேண்டிய உணவு போதும் என்று கேட்கிறார். நீதிமொழிகள் முழுவதிலும் கடவுளை நோக்கி ஏறெடுக்கப்படும் ஜெபம் இது ஒன்றே எனலாம். இவ்வளவு அறிவுரைகளையும் கேட்டு முடித்தபின் ஞானி எதை வேண்டிக்கொள்கிறார் என்பதை இங்கே காண்கிறோம். வரும் புத்தாண்டு இரவில் அட்டைகளை வழங்கும் சபைகள், அவற்றுள் ஒன்றிலேனும் இந்த ஜெபத்தை அச்சிடட்டும். பெற்றுக்கொள்பவர் முதலில் சற்றுத் திகைக்கலாம். ஆண்டு முடிவதற்குள் அதன் பொருளை அறிந்துகொள்வார்.